எதிரொலி இல்லாதவன்: கொடைக்கானலில் ஒரு காட்டேரி ஒலி நாடகம் எடுப்பது எப்படி

காட்டேரி வேட்டைக்குப் போனவர்கள் இன்னொரு உலகத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிற கதை ஒன்று உங்கள் மனதில் இருக்கிறது. அதை ஒலி நாடகமாக எடுக்க ஆசை. கையில் ஒரு செல்போன், வீட்டில் நாலு கம்பளி, குரல் கொடுக்கச் சம்மதித்த மூன்று பேர். இவ்வளவு இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம். நான் கொடைக்கானலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் சொல்கிற உதாரணமெல்லாம் பழனி மலையைச் சுற்றியே வரும். உங்கள் ஊர் வேறு என்றால் குருவியின் பெயரையும் பாறையின் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சினிமாவில் வேறு உலகம் என்று காட்ட வானத்தைச் சிவப்பாக்கினால் முடிந்தது. காதுக்கு ஏது வானம்? கேட்கிறவருக்கு நம் உலகத்தின் சத்தம் முதலில் பழகியிருக்க வேண்டும். அதில் ஒன்று காணாமல் போனால்தான் அவருக்கு முதுகு சில்லிடும். அதனால் பேனாவைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் காதைத் தீட்டுங்கள்.

முதல் வாரம்: மலையைக் கேட்பது

ஒரு சின்ன நோட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். விடியற்காலை 5 மணிக்கு என்ன கேட்கிறது, மத்தியானம் என்ன, விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன. டீக்கடையில் ஓடும் கொடைக்கானல் பண்பலை, கொண்டை ஊசி வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன், பனிமூட்டம் இலைகளில் திரண்டு சொட்டுகிற சொட்டு, எதையும் விடாதீர்கள். கேளையாடு குரைப்பதைக் கேட்டு நாய் என்று எழுதிவிடாதீர்கள், நான் எழுதியிருக்கிறேன்.

எனக்கு அந்த வாரம் கிடைத்த பெரிய சொத்து சீகாரப் பூங்குருவி. சோலை ஓரத்தில், ஓடைப் பக்கத்தில், இருட்டு பிரியும் நேரத்தில் பாடும். வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் பாதி மறந்துபோன பாட்டை விசிலடித்துக்கொண்டு நடந்து வருகிற மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்பவர்கள் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் குருவிதான் பிறகு என் கதையையே தாங்கியது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

கேட்டதைப் பதிவும் செய்யுங்கள். போனில் வேவ் கோப்பாகப் பதிகிற செயலி ஏதாவது ஒன்று போதும்; சாம்பிள் ரேட்டை (ஒரு நொடி ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற கணக்கு) 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். மலைக் காற்று மைக்கில் மோதினால் எல்லாம் புஸ்ஸென்று போய்விடும். கடையில் விற்கும் ரோம உறை இல்லையென்றால் வீட்டிலிருக்கும் குரங்குக் குல்லாவைப் போனுக்கு மாட்டுங்கள். சிரிக்க வேண்டாம், நன்றாகவே வேலை செய்கிறது. ஒவ்வோர் இடத்திலும் வாய் திறக்காமல் முழுசாக 2 நிமிடம் பதியுங்கள். 20 நொடி பதிந்துவிட்டு வந்தால் அப்புறம் அதையே திரும்பத் திரும்ப ஒட்டி, ஒரே காகம் ஏழு தடவை கத்துகிற சோலையாக ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பதிவுக்காக இருட்டிய பிறகு காட்டுப் பக்கம் போகாதீர்கள். காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடுகிறது. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரியாது. பெரிஜம் ஏரிப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. காப்புக் காட்டுக்குள் மைக்கை வைத்துக்கொண்டு போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள். குருவியைக் கூப்பிட ஸ்பீக்கரில் அதன் குரலையே ஒலிக்கவிடுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டை விட்டு அலையும்.

இன்னொன்று, குளிர். ஜனவரி மாதம் ஒரு நாள் அதிகாலை வெளியே பதிவு செய்துவிட்டு, மைக்கை அப்படியே அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்து நடிகர்கள் முன் வைத்தேன். உள்ளே ஈரம் பூத்துவிட்டது. அன்று முற்பகல் முழுவதும் பேசிய வசனத்தில் பொரிகடலை வறுக்கிற சத்தம். குளிரிலிருந்து உள்ளே வரும்போது மைக்கை வாய் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வெளியே எடுக்கலாம்.

காட்டேரிக்குச் சட்டம் எழுதுவது

ரத்தம் குடிக்கும் பேய்க் கதைக்குச் சில பழைய விதிகள் உண்டு. வெயில் ஆகாது, பூண்டு ஆகாது, கண்ணாடியில் தெரியாது, அழைக்காமல் வீட்டுக்குள் நுழையாது. 1897-இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் இவற்றில் வெயிலைத் தவிர மற்றவற்றை உலகம் முழுக்கப் பரப்பியது. இவற்றை அப்படியே எடுத்தால் ஒலி நாடகத்துக்குப் பாதி உதவாது. ஒவ்வொன்றையும் காதுக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு முன் பெயர் விஷயம். காட்டேரி என்ற சொல் நம்மிடமே இருக்கிறது, வெளியே போய்த் தேட வேண்டாம். குன்னூர் பக்கம் அந்தப் பெயரில் ஊரே உண்டு. ஆனால் காட்டேரியைக் கும்பிட்டுப் படையல் வைக்கிற குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் குறிச்சொல்லாக மட்டும் அதை வைத்தேன். வில்லனுக்குத் தனிப்பெயர். கோயில் மணியையோ சாமி வாக்கையோ அவன் பக்கம் சேர்க்கவில்லை. வேட்டைக்காரர் யார் என்பதிலும் வெளியூர்க் கோட்டு சூட்டு ஆள் வேண்டாம். திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் உடுக்கடித்துப் பேயோட்டும் கோடங்கி இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? என் கதையில் ஒரு கோடங்கித் தாத்தா, அவருடைய பேத்தி, ஜீப் ஓட்டும் ஒரு அண்ணன். பளியர் பழங்குடி ஒருவரை மர்மமான வழிகாட்டியாகக் கொண்டுவந்து நிறுத்துகிற பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இந்தக் காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கதைக்கு ஊறுகாய் அல்ல.

பூண்டைப் பார்ப்போம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறைப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாகத் தொங்கும். எந்தக் காட்டேரியாவது இந்த மலைக்கு வந்தால் பட்டினியாகத்தான் திரும்பும். அதையே கதையாக்கினேன்: இங்கே அதனால் தங்க முடியவில்லை, பூண்டு விளையாத இன்னொரு கொடைக்கானலிலிருந்து இரவில் வந்து போகிறது. எல்லை தாண்டி ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் ஒரு மூட்டைப் பூண்டில் கிடைத்துவிட்டது.

வெயில் கொஞ்சம் சிக்கல். 1899-இல் தொடங்கிய, சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். அதனால் வேட்டைக்காரர்களின் ஜீப்பை ஆய்வகம் போகும் சாலையில் நிறுத்திவைத்தேன். தெரிந்தவர்கள் கேட்டால் புன்னகைப்பார்கள். ஆனால் வெயிலுக்குச் சத்தம் கிடையாதே. சூரியன் வந்துவிட்டது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் முதல் வாரம் பதிந்த பூங்குருவி கைகொடுத்தது. முதல் அத்தியாயத்திலேயே மூன்று தடவை, குருவி விசிலடித்தால் விடிந்தது, விடிந்தால் தப்பித்தோம் என்று பழக்கிவிட்டேன். பிறகு அந்த உலகத்துக்குள் அவர்கள் போகிறார்கள். அங்கே குருவி பாடுவதே இல்லை. அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

இனி கண்ணாடி. கண்ணாடியில் உருவம் தெரியாத பேயை ஒலியில் எப்படிக் காட்டுவது என்று நாலு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறைப் பக்கம் எக்கோ பாயிண்ட் இருக்கிறது. வருகிற டூரிஸ்ட்டெல்லாம் கத்திப் பார்க்கிற இடம். ஒரு நாள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. காதுக்குக் கண்ணாடி எதிரொலிதான். காட்டேரி கூப்பிட்டால் பள்ளத்தாக்கு பதில் சொல்லாது.

இதை எடிட்டிங்கில் செய்வது சுலபம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாறை 170 மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப ஒரு நொடி. ஆகவே மற்றவர்கள் கத்திய குரலை நகல் எடுத்து, ஒரு நொடி தள்ளி ஒட்டி, 12 டெசிபல் குறைத்து, கூர்மையான மேல் சுருதிகளைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். காட்டேரியின் குரலுக்கு நகல் எடுக்காதீர்கள். அறைக்குள் நடக்கும் காட்சியிலும் இதே கணக்குதான்: மற்றவர்கள் பேசும்போது சுவரின் முழக்கம் லேசாக இருக்கட்டும். அவன் பேச்சு மட்டும் கம்பளிக்குள் பதிந்த மாதிரி வறண்டு, காதுக்குள்ளேயே நிற்கட்டும். காரணம் தெரியாமலே கேட்பவர் அவனை நம்ப மாட்டார். பிற்பாடு அதே காட்டேரி பூங்குருவி மாதிரி விசிலடித்து அவர்களை வெளியே வரவழைக்கும்போது, விசில் பாறையில் பட்டுத் திரும்பவில்லை என்பதைப் பேத்தி மட்டும் கவனிக்கிறாள்.

எல்லையைத் தாண்டுவது

இடம் தேர்ந்தெடுக்கும்போது குணா குகையை விட்டுவிடுங்கள். 1991-இல் படம் வந்து பெயரே மாறிப்போன குகை அது. கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் ஓடும், உங்கள் படம் அங்கே ஓடாது. தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கத்துக் கற்திட்டைகள் நல்ல வாசல். ஆனால் எனக்குக் கிடைத்தது அதைவிட நல்லது: மதிகெட்டான் சோலை. உள்ளே போனால் மதி கெட்டுத் திசை தெரியாமல் போய்விடும் என்பார்கள். பெரிஜம் போகிற வழியில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இதே பெயரில் இன்னொரு சோலை கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறைப் பக்கம் தேசியப் பூங்காவாக இருக்கிறது. பெரிஜம் வழியாக மூணாறுக்குப் போன பழைய சாலை இப்போது மூடிக் கிடக்கிறது. ஒரே பெயரில் இரண்டு காடு, நடுவில் மூடிய பாதை. இதற்கு மேல் ஒரு கதாசிரியன் என்ன கேட்பான்?

தாண்டும் நொடியில் ‘வூஷ்’ என்று ஒரு கம்ப்யூட்டர் சத்தம் போடத் தோன்றும். போடாதீர்கள். இன்டர்நெட்டில் கிடைக்கிற அந்தச் சத்தத்தை எல்லோரும் கேட்டாயிற்று. நான் செய்தது இப்படி:

(சோலைக்குள். சிள்வண்டு இரைச்சல். இலைச் சொட்டு. இரண்டு பேர் காலடி. பத்து நொடிக்குள் சிள்வண்டு மெல்ல மறைகிறது. காலடி மட்டும்.)

பேத்தி: தாத்தா... நில்லுங்க. சிள்வண்டு நின்னுபோச்சு.

தாத்தா: தெரியும் ஆத்தா. பேசாம நட.

பேத்தி: எப்ப நின்னுச்சு?

தாத்தா: நீ சொன்னதுக்கு முன்னாடியே.

(தூரத்தில் தேனீக் கூட்டத்தின் ரீங்காரம். கூடிக்கொண்டே வருகிறது.)

பேத்தி: ராத்திரியில என்ன தேனீ?

வீட்டுப் பெட்டித் தேனீ பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். இங்கே நடு இரவில் மலை முழுக்கத் தேனீ. அடுத்த காட்சியில்தான் காரணம் தெரிகிறது: அந்த உலகத்தில் குறிஞ்சி பூத்திருக்கிறது. நமக்கு 12 வருடத்துக்கு ஒரு தடவை. 2018-இல் பார்த்தோம், கணக்குப்படி அடுத்தது 2030. நீல மலையைக் காதுக்குக் காட்ட முடியாது, ஆனால் பூவுக்கு வந்த தேனீயைக் காட்டலாம். ஒன்றை எடுத்தேன், ஒன்றைச் சேர்த்தேன். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் அங்கே சுருதி ஏறாது என்று இன்னொரு யோசனையும் இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். மூன்றாவது மாற்றம் வந்தால் கேட்பவர் பயப்படுவதை நிறுத்திவிட்டுப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு காட்சியில் மூன்று குரலுக்கு மேல் வேண்டாம். மூன்றும் வயதிலும் கனத்திலும் வேறுபடட்டும். “அதோ பார், சிவந்த கண்களோடு ஒருவன் வருகிறான்” என்று யாரும் பேசுவதில்லை. “அண்ணே, வண்டிய எடுங்க” என்றால் போதும், வருவது யார் என்று தெரிந்துவிடும். சத்தத்துக்கான குறிப்பில் ‘பயங்கரமான ஒலி’ என்று எழுதினால் பிறகு உங்களுக்கே புரியாது. ‘ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம்’ என்று எழுதுங்கள். முதல் அத்தியாயம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வாய்விட்டுப் படித்து, போனில் நேரம் பாருங்கள். சத்தங்களுக்கு இடம் விட்டுப் படியுங்கள்.

பதிவு நாள்

ஸ்டுடியோ தேவையில்லை. மெத்தை, ரஜாய், கம்பளி உள்ள சின்ன அறை போதும், அது மலையில் எந்த வீட்டில் இல்லை? இரண்டு கொடிக்கயிறு கட்டிக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் நடிகர்களை உட்கார வையுங்கள். தகரக் கூரை வீடு என்றால் அக்டோபர், நவம்பர் மாதங்களை விட்டுவிடுங்கள், மழை உங்கள் வசனத்தைப் பேசிவிடும். ஏப்ரல், மே என்றால் சீசன் ஹாரன். இரவு 10 மணிக்கு மேல்தான் ஊர் அடங்கும். ஃப்ரிட்ஜை அணையுங்கள். அணைத்ததும் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள்; அப்போதுதான் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். கீழே இருந்து யாராவது வண்டியில் வருவதாக இருந்தால் மலைக்கு வண்டியில் வர வேண்டிய இ-பாஸ் எடுத்துவிட்டார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேருக்கு நேர் இல்லாமல் கடைவாய்ப் பக்கமாக. ‘பேய்’, ‘பூண்டு’, ‘பல்’ என்று இந்தக் கதையில் ப-கரம் கொட்டிக் கிடக்கிறது. நேராக வைத்தால் ஒவ்வொன்றும் மைக்கில் குண்டு மாதிரி விழும். ஒலி அளவு காட்டும் கோடு, கத்தும் வசனத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஓடிவந்து பேசும் வசனத்துக்கு நடிகரை நின்ற இடத்திலேயே குதிக்க வைத்துவிட்டுப் பேச வையுங்கள், நடிக்கிற மூச்சிரைப்பு உடனே தெரிந்துவிடும். வெந்நீர் கையோடு இருக்கட்டும். முடிந்ததும் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருக்க, 30 நொடி வெறும் அறையைப் பதியுங்கள். வசனத்தை வெட்டிய இடத்தில் நிரப்ப அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் குழி மாதிரி கேட்கும்.

கையால் செய்யும் சத்தம்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, சமையலறை நாசமாகும் பகுதியும். ஆப்பு நெஞ்சில் இறங்குவதற்கு முட்டைக்கோஸ். முழுக்கோஸை ஈரத் துணியில் சுற்றி, கனமான கத்தியால் ஒரே குத்து. எலும்பு முறிய நாலு கேரட்டைத் துண்டில் சுற்றி முறுக்குங்கள். ரத்தம் குடிப்பதற்கு நன்றாகக் கனிந்த பிளம்ஸை மைக்குக்குப் பக்கத்தில் கடித்து உறிஞ்ச வேண்டும். சீசன் இல்லையென்றால் ஆரஞ்சுச் சுளை. இதைச் செய்ய வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், நீங்களே செய்ய வேண்டியதுதான். காய்ந்த தைலமரப் பட்டை மேல் நடந்தால் அருமையான காட்டு நடை. பைன் மரத்தடியில் ஊசி இலை மெத்தை மேல் நடந்தால் சத்தமே வராது. அதனால் என் காட்டேரி எப்போதும் பைன் காட்டு வழியாகவே வருகிறது. பழைய கேசட் நாடாவை உருவிக் கசக்கினால் புல் விலகும் சத்தம்.

வௌவால் பற்றி ஒரு வார்த்தை. குகை வௌவால் இருட்டில் வழி பார்க்க எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, மனிதக் காதுக்கு எட்டாது. உங்கள் போன் 48-இல் பதிந்தால் பிடிக்கக்கூடியது அதிகபட்சம் 24 வரைதான். ஆகவே நிஜ வௌவாலைத் தேடி அலையாதீர்கள். குடையை மடக்கி மடக்கி விரித்தால் சிறகு. கீச்சுக்கு ஈரக் கண்ணாடியில் தக்கையைத் தேயுங்கள்.

உடுக்கை மட்டும் நிஜமாக இருக்கட்டும். ஒரு மீட்டராவது தள்ளி வைத்துப் பதியுங்கள், மைக்கை நொறுக்கிவிடும்.

ஒட்டுவது, அனுப்புவது

ஒலியை எடிட் செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அதுவே போதும். வசனம், கைச்சத்தம், சூழல், இசை என்று நாலு தடம். சினிமாப் பாட்டு ஒரு துண்டும் வேண்டாம், உரிமைச் சிக்கல். முதலில் வசனத்தை மட்டும் தனியாக ஒட்டி முடியுங்கள். அதுவே கேட்கும்படி இருந்தால்தான் மேலே மற்றவை. இடது காதில் ஒரு உலகம், வலது காதில் இன்னொரு உலகம் என்று புத்திசாலித்தனம் செய்ய ஆசை வரும். பாதிப் பேர் ஒற்றைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள், மீதிப் பேர் போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள். உங்கள் இரண்டாம் உலகம் அவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. குருவி இல்லாததும் எதிரொலி வராததும் ஒற்றைக் காதிலும் தெரியும். கடைசியில் மொத்த ஒலி அளவை ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு), மோனோ என்றால் மைனஸ் 19 என்று வைத்து, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் கட்டி, எம்பி3-ஆக எடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கோப்பைப் போனில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிப் பெருமாள்மலை வரை கேளுங்கள். எஞ்சின் இரைச்சலில் தொலைந்துபோன வசனங்களைக் குறித்துவந்து உயர்த்துங்கள். எனக்கு முதல் தடவை 11 இடம் வந்தது. அப்புறம் கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். நான் அத்தையிடம் கொடுத்தேன். போனை அரிசிப் பானை மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். எக்கோ பாயிண்ட் காட்சி வந்ததும் கை நின்றது. “ஏன்டா, இவன் கூப்பிட்டது மட்டும் திரும்பி வரல?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுந்து போய்ப் பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து மீதிப் பூண்டை உரித்தார். அன்று ராத்திரியே ஏற்றிவிட்டேன்.